கறுப்புச் சட்டையும் பச்சைத் துவாலையும்

ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். கறுப்புச் சட்டை. முந்தின நாள்தான் துவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்டு மாட்டி வைத்தது. வீட்டு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேடை விளக்குக்குக் கீழே போய் நின்ற பிறகுதான், முன்வரிசையில் இருந்த ஒருவர் என் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பொடுகு என்று நினைத்திருப்பார். இரண்டு நாள் கழித்துப் புகைப்படங்கள் வந்தன. பெரிதாக்கிப் பார்த்தால், சட்டை முழுக்க வெளிறிய பஞ்சுத் துகள். காலர் மடிப்பிலும் பாக்கெட் ஓரத்திலும் கோடு கிழித்த மாதிரி சேர்ந்திருந்தது.

அழுக்குச் சட்டையோடு போயிருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. துவைத்த சட்டை இப்படி இருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.

அந்தப் படங்களுக்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. சில மாதங்களாகவே கருநிறத் துணியெல்லாம் தூசு தும்போடுதான் மெஷினிலிருந்து வெளியே வந்தது. முதலில் சோப்புத்தூள் மேல் பழி போட்டேன். சரியாகக் கரையவில்லை, அதுதான் படிகிறது என்று முடிவு கட்டி வேறு தூள் வாங்கினேன். மாற்றமில்லை. ஒருவேளை தூள் போதவில்லையோ என்று ஒரு கரண்டிக்குப் பதிலாக ஒன்றரைக் கரண்டி போட்டேன். இன்னும் மோசமானது. பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மெஷினையே மாற்றிவிடலாமா என்கிற வரைக்கும் போய்விட்டது.

சோப்புத்தூளைச் சந்தேகப்பட்டதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. கரையாத தூள் கறுப்புத் துணியில் வெள்ளையாகத்தான் திட்டுத்திட்டாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் துவைத்தாலும் காய்ந்த பிறகு ஒரு வெளிறல் வரும். இரண்டையும் பஞ்சிலிருந்து பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது, அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. விரலை ஈரமாக்கி அந்த இடத்தில் தேய்த்துப் பாருங்கள். தூள் என்றால் ஈரத்தில் குழைந்து மறையும். பஞ்சு என்றால் சுருண்டு விரலோடு வரும். கைக்குப் பழுப்பாகவோ கறுப்பாகவோ, ஈரக் காகிதத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி ஏதாவது வந்தால் அது இரண்டும் இல்லை. மெஷினின் உள்டிரம்முக்குப் பின்னால் படிந்த சோப்புப் பிசுக்கும் பூஞ்சையும் பெயர்ந்து வருகிறது. அதற்கு டிரம்மைக் கழுவுகிற சுற்றை வெறும் மெஷினில் ஓட்ட வேண்டும். மூன்று நோய்க்கும் மருந்து வேறு வேறு. நான் ஒரு நோய்க்கு இன்னொன்றின் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தூளைக் கூட்டியதும் ஏன் மோசமானது என்பதும் பிறகு புரிந்தது. நுரை அதிகமானால் அலசலில் அது முழுதாகப் போகாது. பஞ்சு அந்த நுரையோடு சேர்ந்து துணி மேலேயே தங்கிவிடும். காய்ந்தபின் சோப்பின் மிச்சம் பசை மாதிரி அதைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, மெஷின் பார்க்க ஆள் வந்தார். மேலே மூடி திறக்கிற வகை மெஷின் எங்களுடையது. அவர் உள்ளே குனிந்து பார்த்தார், டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பக்கச் சுவரில் இருந்த பிளாஸ்டிக் சட்டத்தை மேல்பக்கமாக அழுத்தி வெளியே இழுத்தார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். இத கடைசியா எப்போ கழட்டினீங்க?"

அது கழற்றுகிற பொருள் என்பதே எனக்குத் தெரியாது. டிரம்மின் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் வாங்கி இரண்டரை வருடம். அவர் என் முகத்தைப் பார்த்தார், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சட்டத்தின் பின்னால் ஒரு சின்ன வலைப்பை. அது பை மாதிரியே இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஈரமான சாம்பல் கட்டி, செத்த எலிக்குஞ்சைப் பிடித்த மாதிரி கையில் கிடந்தது. அடியில் வலை ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்தும் இருந்தது. அதாவது, நிறைந்துபோனதால் புதிய பஞ்சைப் பிடிக்கவில்லை. பிடித்து வைத்த பழையதும் ஓட்டை வழியாகத் திரும்பத் துணிக்கே போய்க்கொண்டிருந்தது. வேலை செய்யாத வடிகட்டிகூட இல்லை அது, விநியோக நிலையம்.

அவர் போன பிறகு அந்தக் கட்டியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பழைய செய்தித்தாளில் வைத்துக் காயவிட்டேன். மறுநாள் கம்பளம் மாதிரி இறுகியிருந்தது. மெல்லப் பிரித்தேன். வலையின் சுவரை ஒட்டியிருந்தது எல்லாம் ஒரே சாம்பல். எல்லாச் சாயமும் கலந்தால் சாம்பல்தான் மிஞ்சும் போல. நடுநடுவே நீள முடிகள், ஒரு சட்டைப் பித்தானின் உடைந்த பாதி, எதிலிருந்தோ வந்த சிவப்பு நூல். உள்ளே போகப் போக நிறம் மாறியது. நட்ட நடுவில், கடைசியாக வந்து சேர்ந்த அடுக்கு, தெளிவான இளம்பச்சை. எங்கள் வீட்டில் இளம்பச்சையில் இருந்தது ஒன்றே ஒன்று: சில மாதங்களுக்கு முன் வாங்கிய பெரிய குளியல் துவாலை. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். புகைப்படத்தைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிறிய துகள் என்று நினைத்தது உண்மையில் பச்சைதான்.

அதுவரை பஞ்சு என்பது வெளியிலிருந்து வருகிற தூசு என்றே என் மனதில் இருந்தது. உண்மையில் அது நம் துணியேதான். பருத்தி இழை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். இத்தனை குட்டையான இழைகளை முறுக்கித்தான் நூலாக்குகிறார்கள். முறுக்குக்குள் சரியாகப் பிடிபடாத இழைகளும் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இழைகளும் தண்ணீரில் ஊறி, ஒன்றோடொன்று உரசி, உடைந்து கழன்று வரும். பட்டில் அவ்வளவாகப் பஞ்சு வராததற்குக் காரணமும் இதுதான்: ஒரு கூட்டின் இழை அறாமல் பல நூறு மீட்டர் ஓடும், கழன்று வர நுனிகள் குறைவு. துவாலையில் நிலைமை தலைகீழ். தண்ணீர் உறிஞ்ச வேண்டும் என்பதற்காகவே நூலைத் தளர்வாக முறுக்கி, ஆயிரக்கணக்கான வளையங்களாக மேலே தூக்கி விட்டிருப்பார்கள். மெத்தென்று இருப்பதும் பஞ்சு விடுவதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். கடையில் கையால் தடவிப் பார்த்து "என்ன மெத்து!" என்று வாங்கினேனே, அந்த மெத்துதான் என் சட்டையில் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து துணிகளை நிறத்தை வைத்து மட்டும் பிரிப்பதை விட்டேன். கொடுக்கிற துணி, வாங்குகிற துணி என்று பிரிக்க ஆரம்பித்தேன். துவாலை, கால்மிதி, துடைக்கிற துணி, மொசுமொசு போர்வை, உள்பக்கம் பஞ்சு வைத்த ஸ்வெட்டர், ஃபிளானல் சட்டை இதெல்லாம் கொடுக்கிறவை. பாலியஸ்டர் கலந்த பேன்ட், வெல்வெட், கார்டுராய், கறுப்பு சாக்ஸ், விளையாட்டு உடை, கருநீல டி-ஷர்ட் இதெல்லாம் வாங்குகிறவை. சில துணிகள் இரண்டையும் செய்யும். கறுப்புத் துவாலை என்று ஒன்றைத் தயாரித்தவர் யோசித்துத்தான் தயாரித்தாரா தெரியவில்லை.

பாலியஸ்டர் இவ்வளவு ஆசையாக இழுத்துக்கொள்வதற்குக் காரணம் மின்னூட்டம். காய்ந்த நிலையில் வேறு துணியோடு உரசினால் அதில் நிலைமின்னூட்டம் ஏறும், பருத்தியைப் போல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளாததால் அந்த ஊட்டம் சீக்கிரம் கசிந்து போகாது. ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்குமே, அதே சமாச்சாரம். காற்று வறண்டிருக்கிற நாட்களில் பஞ்சுத் தொல்லை அதிகமாகத் தெரிவது இதனால்தான். அலமாரியில் கறுப்பு பேன்ட்டைத் துவாலைக்குப் பக்கத்தில் அடுக்குவதையும் நிறுத்திவிட்டேன்.

வலை மாற்றியாயிற்று. பச்சைத் துவாலையைத் தனியாக ஒதுக்கியாயிற்று. ஆனாலும் எனக்கு ஒரு நிச்சயம் வேண்டியிருந்தது. ஒரு பழைய கறுப்புத் துணியை எடுத்து, செல்லோ டேப்பால் ஒற்றி முழுக்கச் சுத்தம் செய்து, அதை மட்டும் தனியாக மெஷினில் போட்டு, சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓட்டினேன். எடுத்துப் பார்த்தால் அங்கங்கே பஞ்சு. கூட வேறு துணியே இல்லாதபோது அது எங்கிருந்து வந்தது? டிரம்மிலிருந்துதான். ஈரத்துணியால் டிரம்மைத் துடைத்து, இரண்டு முறை வெறுமனே ஓட்டிவிட்டு மறுபடி சோதித்தேன். இந்த முறை ஏழெட்டுத் துகள், அவ்வளவுதான். உங்களுக்கும் இதே குழப்பம் இருந்தால் எதையும் வாங்குவதற்கு முன் இந்தக் கறுப்புத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். தனியாகப் போட்டும் பஞ்சு வந்தால் குற்றம் மெஷினில். தனியாகச் சுத்தமாக வந்து, கூட்டத்தோடு போட்டால் பஞ்சோடு வந்தால் குற்றம் கூட்டாளிகளில்.

அக்காவிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அம்மா வாளியில துவைச்சப்போ இந்தப் பிரச்சினை எப்பவாவது இருந்துச்சாடா?" இல்லைதான். யோசித்தால், வாளித் துவையலில் ஒரு ஒழுங்கு இருந்தது. வெள்ளை முதலில், நிறத்துணி அடுத்து, கால்மிதி கடைசியில். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக அலசி, பிழிந்து, படாரென்று உதறித்தான் கொடியில் போடுவாள். பஞ்சு மிதக்கிற தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிடுவாள். மெஷினில் நாம் எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில் ஒன்றாகச் சுழற்றுகிறோம். அந்தத் தண்ணீர் துணிக்கூட்டத்தின் வழியாகவே வடிந்து போகிறது. மிதக்கிற பஞ்சைத் துணியே வடிகட்டி மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது.

அவள் வீட்டில் முன்பக்கம் கதவு திறக்கிற மெஷின். "எனக்கு வலையே இல்லையே, என் மெஷினே பரவாயில்ல போல" என்றாள். நான் போயிருந்தபோது கீழ் மூலையில் இருந்த சின்ன மூடியைத் திறக்கச் சொன்னேன். அது பம்ப்புக்கு முன்னால் இருக்கிற வடிகட்டி. நாணயம், ஹேர்பின் மாதிரி சாமான் பம்ப்புக்குள் போகாமல் பிடிப்பதற்காக வைத்தது, பஞ்சும் அதில்தான் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் மெதுவாக வடியும், பஞ்சுத் தண்ணீர் துணியோடு கூடுதல் நேரம் நிற்கும். அவசரப்பட்டு மூடியைத் திருகிவிடாதீர்கள். பக்கத்தில் சின்ன குழாய் இருந்தால் அதன் வழியாக முதலில் தண்ணீரை வடியுங்கள், சூடான சுற்று ஓடி முடிந்த உடனே திறக்கவே திறக்காதீர்கள். நாங்கள் தட்டு வைக்காமல் திறந்தோம். அக்கா வீட்டுத் தரை முழுக்கக் கணுக்கால் நனைகிற தண்ணீர். அதில் இரண்டு நாணயமும், அவள் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த தோட்டின் திருகும் அடித்துக்கொண்டு வந்தன, அதனால் திட்டு கொஞ்சம் குறைந்தது. கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் மடிப்பையும் விரித்துப் பார்த்தோம். அங்கே ஒரு கைப்பிடி பஞ்சும் முடியும். முன்கதவு மெஷின் துணியை மென்மையாகப் புரட்டும், ஆனால் தண்ணீர் குறைவாக எடுக்கும். அதனால் துவாலை போட்ட அன்று கூடுதலாக ஒரு அலசல் வைத்தால் நல்லது என்பது அவள் அனுபவம்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது டிஷ்யூ பேப்பர் வந்தது. மகனின் பேன்ட் பாக்கெட்டில் ஒரு முழுக் கத்தை. மூடியைத் திறந்தால் பனி பெய்த மாதிரி இருந்தது. "கரைஞ்சிடும்னு நெனச்சேன்பா, பேப்பர்தானே" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. டிஷ்யூ என்பது குட்டையான மர இழைகள், நீர் பட்டவுடன் ஒன்றையொன்று விட்டுவிடும். ஆனால் இழைகள் கரைவதில்லை, பிரிந்து ஆயிரம் துண்டாகித் துணியின் ஒவ்வொரு நூலிடுக்கிலும் போய் உட்காரும். சமையலறையில் துடைக்கிற காகிதச் சுருள் என்றால் ஈரத்திலும் கிழியாதபடி பதப்படுத்தியிருப்பார்கள், அது பெரிய துண்டாக வரும், எடுப்பது சுலபம்.

நான் செய்த தவறு, பதறிப்போய் உடனே இன்னொரு முறை துவைத்தது. துண்டுகள் இன்னும் பொடியாகி எல்லாத் துணிக்கும் சமமாகப் பரவின. ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்கவும் பார்த்தேன், அது இழுபட்டுத் தேய்ந்ததுதான் மிச்சம். அலுத்துப்போய் அப்படியே கொடியில் போட்டேன். காய்ந்த பிறகு எடுத்து வெளியே நின்று ஒவ்வொன்றாக உதறினால் முக்கால்வாசி தானாகவே பறந்தது. மிச்சத்தைப் பிரஷ் பார்த்துக்கொண்டது. ஆக, டிஷ்யூ என்றால் காயும் வரை தொடாதீர்கள். காய்ந்து உதறிய பிறகு வேண்டுமானால் அலசிக்கொள்ளலாம். டிரம்மையும் அப்படித்தான்: உலரவிட்டுத் துடைத்தால் ஒட்டியிருந்தது உதிர்ந்து வரும், பிறகு வெறுமனே ஓர் அலசல். பாக்கெட்டைப் பார்ப்பது இப்போது துணியைக் கழற்றுகிறவர் பொறுப்பு என்று வீட்டில் சட்டம். சட்டத்தை அதிகம் மீறுவது நான்தான், சட்டைப் பாக்கெட்டில் ரசீது.

பிரித்துத் துவைப்பதில் எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. "அஞ்சு வாளி வச்சுப் பிரிக்கிறதுக்கு இதென்ன லாண்டரியா?" என்று மனைவி கேட்டாள். கடைசியில் சமாதானமானது இரண்டு கூடையில். மொசுமொசுத் துணிக்கு ஒன்று, மற்றதெல்லாம் இன்னொன்று. மற்றதில் கருநிறத்தை மட்டும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போடுகிறோம். ஒட்டினாலும் உள்பக்கம் ஒட்டட்டும். மேல்பக்கம் உரசித் தேய்வதும் குறையும். வெல்வெட் மாதிரி மிகவும் இழுக்கிற ஒன்றிரண்டு மட்டும் ஜிப் வைத்த சலவை வலைப்பைக்குள் போகும். பையின் கண் நெருக்கமாக இருக்க வேண்டும். மீன் வலை மாதிரி பெரிய கண் வைத்த பையில் பஞ்சு தாராளமாக உள்ளே போய்வரும், நான் முதலில் வாங்கியது அதுதான்.

புதுத் துவாலை வந்தால் முதல் மூன்று நான்கு முறை அது தனியாகத்தான். நெசவிலேயே தங்கிப்போன உதிரி இழைகள் அந்தத் துவையல்களில்தான் பெரும்பாலும் வெளியேறும். அதன் பிறகு குறைந்துவிடும். குறையவே இல்லை என்றால் துவாலையின் தரம் அவ்வளவுதான். அட்டையில் கோம்டு காட்டன் என்று போட்டிருந்தால் நூற்பதற்கு முன்பே குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட பருத்தி என்று பொருள், அது உதிர்ப்பது குறைவு. மறுமுனையில், வருடக்கணக்கில் உழைத்து மெலிந்துபோன துவாலையும் பஞ்சு விடும், அது முதுமை. நடுவில் நாமே முதுமையைக் கொண்டுவருவதும் உண்டு: ப்ளீச் அதிகமாகப் போட்டால் பருத்தி இழை பலவீனமாகி உடையும். வெள்ளைத் துவாலையைப் பளிச்சென்று வைக்கிறேன் என்று நான் செய்த புண்ணியம் அது.

மெஷினைத் திணிக்காமல் இருப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. முக்கால் டிரம்முக்கு மேல் போனால் துணி புரள இடமில்லை, உரசல் கூடும், பஞ்சு வெளியேற வழி இருக்காது. மேல்மூடி மெஷினில் இன்னொன்றும் உண்டு. அந்த வலைப்பை வேலை செய்ய வேண்டுமென்றால் தண்ணீர் அதன் வழியாகப் பாய வேண்டும். தண்ணீர் மிச்சம் என்று குறைந்த மட்டத்தை வைத்துவிட்டு மலைபோல் துணி போட்டால் வலை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். துணி குறைவாக, அதற்கேற்ற தண்ணீர் நிறைவாக. தெரிந்தும் விடுமுறை நாளில் ஒரே சுற்றில் முடித்துவிடலாம் என்று அமுக்கத்தான் செய்கிறேன்.

வினிகரைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். நானும் கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் விட்டுப் பார்த்தேன். சோப்பின் காரத்தை அது முறிக்கும், அதனால் துணியில் சோப்பு மிச்சம் தங்குவதும் விறைப்பும் குறையும். பஞ்சை அது கரைக்கும் என்பது கதை. என் வீட்டில் தெரிந்த வித்தியாசம், சோப்பைக் குறைத்தபோது கிடைத்ததைவிடக் குறைவு. ரப்பர் பாகங்களுக்கு நல்லதில்லை என்று சில மெஷின்களின் கையேட்டிலேயே இருக்கிறது, அதனால் அடிக்கடி விடுவதில்லை. ப்ளீச் போட்ட சுற்றில் வினிகர் கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இது மட்டும் விளையாட்டில்லை.

துணி மென்மையாக்கும் திரவம் இன்னொரு கட்சி. அது இழை மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து மின்னூட்டத்தைக் குறைக்கும், பாலியஸ்டர் பேன்ட்டுக்கு உண்மையாகவே உதவுகிறது. அதையே துவாலைக்கு விட்டால் தண்ணீர் உறிஞ்சாது, முகத்தில் ஈரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். நான் சந்தோஷமாகக் கண்டுபிடித்தது செல்லுலேஸ் என்கிற நொதி. சில சோப்புத்தூள்களின் உறையில் பொருள் பட்டியலில் இருக்கும். பருத்தியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற நுண்ணிய பிசிறுகளை அது அரித்து எடுக்கும். ஆலைகளில் புதுத் துணியை வழவழப்பாக்குவதற்கும் இதே நொதியைத்தான் பயன்படுத்துகிறார்கள், பயோ பாலிஷிங் என்று பெயர். பழைய பருத்தி டி-ஷர்ட்டில் நாலைந்து துவையலில் வித்தியாசம் தெரிந்தது. பாலியஸ்டருக்கு இதனால் பயனில்லை.

இனி, ஒட்டிவிட்ட பஞ்சை எடுப்பது. அவசரத்துக்கு அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி நான்கு விரல்களில் சுற்றிக்கொண்டு ஒற்றுவது போதும். தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஒட்டு உருளை அதையே நாகரிகமாகச் செய்கிறது. ஆனால் வீட்டில் எப்போதும் இருக்கிற, எனக்கு மிகவும் பிடித்துப்போன கருவி பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறைதான். கையில் மாட்டி லேசாக ஈரம் செய்து, துணியை மேசையில் விரித்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தடவுங்கள். பஞ்செல்லாம் உருண்டு திரண்டு ஓரத்தில் கயிறாக வந்து நிற்கும். பெரிய போர்வைக்கும் சோபாவுக்கும் டேப் கட்டுப்படியாகாது, கையுறைக்குச் சலிப்பே கிடையாது. வெல்வெட் மாதிரி துணி வைத்த பிரஷ் வாங்கினால் அதில் அம்புக்குறி இருக்கும். ஒரு திசையில் தேய்த்தால் எடுக்கும், எதிர்த்திசையில் தேய்த்தால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். நான் ஒரு மாதம் எதிர்த்திசையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதைச் செய்தாலும் இஸ்திரிக்கு முன்பே செய்துவிடுங்கள். பெட்டியின் அழுத்தத்தில் பஞ்சு துணியோடு பதிந்துவிட்டால் கிளப்புவது கஷ்டம்.

பஞ்சுக்கும் மணிக்கும் வித்தியாசம் உண்டு. ஸ்வெட்டரின் அக்குளிலும் முழங்கையிலும் குட்டிக் குட்டி உருண்டையாக இருக்கிறதே, அது வெளியிலிருந்து ஒட்டியதில்லை. துணியின் இழைகள் மேலே வந்து சிக்கி முடிச்சாகி, வேரோடு அங்கேயே நிற்கின்றன. பருத்தியில் இழை சீக்கிரம் அறுந்து உருண்டை விழுந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த வலுவான இழை உருண்டையைக் கட்டி வைத்துக்கொள்ளும். டேப் போட்டு இழுத்தால் இன்னும் இழை வெளியே வரும். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் ஷேவிங் ரேசரால் எடுக்கப் போய், நல்ல கம்பளி ஸ்வெட்டரின் முழங்கையில் ஓட்டை போட்டேன். பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், மற்றது தானாக ஓடும். அதற்கென்று இருக்கிற பேட்டரி ஷேவர் பாதுகாப்பானது, துணியை இறுக்கி இழுக்காமல் தட்டையாக வைத்து மெல்ல ஓட்டினால்.

அக்காவிடம் டிரையரும் இருக்கிறது. பஞ்சை எடுப்பதில் அதற்கு நிகரில்லை. சூடான காற்று துணியைப் புரட்டும்போது இழைகளெல்லாம் பறந்து வடிகட்டித் திரையில் ஒரு மெத்தையாகப் படிந்துவிடும். அந்தத் திரையை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. உலர்ந்த பஞ்சும் சூடும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்கில் 2008 முதல் 2010 வரை அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள். காரணங்களில் முதலிடம், சுத்தம் செய்யாமல் விட்டது. இதைப் படித்துக் காட்டியபோது அக்கா பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டுப் போய்த் திரையைக் கழற்றிப் பார்த்தாள். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. குழாயில் காட்டினால் தண்ணீர் கீழே இறங்காமல் திரை மேலேயே தேங்கி நின்றது. மணமூட்டும் டிரையர் தாள்களின் மெழுகு மாதிரியான படலம் கண்களை அடைத்திருக்கிறது. சோப்பும் பழைய பல்துலக்கியும் வைத்துத் தேய்த்த பிறகு தண்ணீர் ஓடியது.

டிரையர் இல்லாத எனக்கு உதறல்தான். ஈரத்தில் ஒரு உதறு, காய்ந்த பின் ஒரு உதறு. அம்மா உதறினால் சாட்டை சொடுக்கிய மாதிரி கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் வருவதில்லை, ஆனாலும் பஞ்சு பறப்பது வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் தெரிகிறது.

வலையில் சேர்ந்ததை, புது வலை போட்ட புதிதில், குழாயடியிலேயே கழுவி விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை. பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கழன்று வரக்கூடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். பருத்தி என்றாவது மட்கும், அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் பிளாஸ்டிக். அவ்வளவு நுண்ணியதையெல்லாம் என் மெஷினின் சின்ன வலை பிடிக்காது. பிடித்த கொஞ்சத்தையாவது சாக்கடைக்கு அனுப்ப வேண்டாமே என்று, வலையைக் காயவைத்து உள்ளே வெளியாகத் திருப்பித் தட்டிக் குப்பையில் போடுகிறேன். காய்ந்தால் ஒரே உரியாக உரிந்து வருகிறது, அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷமும் இருக்கிறது.

பச்சைத் துவாலை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. ஐந்தாறு தனித் துவையலுக்குப் பிறகு அடங்கிவிட்டது. கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொரு கூட்டத்துக்கும் போய் வந்தேன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் போன வாரம் வலையைக் கழற்றிக் காயவைத்தபோது நடுவில் ஓர் அடுக்கு பளிச்சென்று நீலமாக இருந்தது. வீட்டில் அந்த நீலத்தில் துணியே கிடையாதே என்று குழம்பிப்போய் மகனின் அறையை எட்டிப் பார்த்தேன். விடுதியிலிருந்து வரும்போது மொசுமொசுவென்று ஒரு புதுப் போர்வை கொண்டு வந்திருக்கிறான்.

"இத எதோட போட்டுத் துவைச்சடா?"

"எல்லாத்தோடயும்தான்பா. ஏன்?"

டேப் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.